மூன்றரை மைல் மண் வேலை: தமிழ்ப் பாப்திஸ்து சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய போதகர்களுக்கும், டீக்கன்மாருக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும்,

நம் ஆண்டவரின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். இந்த ஆண்டு மிஷனரி ஞாயிறன்று எங்கள் சபையில், ஆந்திராவின் ஓங்கோலில் ஊழியம் செய்த மிஷனரி ஜான் எவரெட் கிளஃபைப் பற்றிச் செய்தி கொடுக்கப்பட்டது. நாற்பது நிமிடச் செய்தியில் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்களைக் குறிக்கும் "ஒரே நாளில் 2,222 பேர்" என்ற தொடர் ஆறு முறை வந்தது. ஆராதனை வேளையில் இப்படி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சற்று வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அந்தத் தொகைக்கு முந்திய ஓராண்டுக்கு மேலான காலத்தில் அந்தப் போதகர் என்ன வேலை பார்த்தார், யாரை வைத்துப் பார்த்தார், அக்காலமெல்லாம் ஏன் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார் என்பதைப் பற்றி ஒரு வாக்கியமும் வரவில்லை. செய்தி கொடுத்தவரை நான் குறை சொல்ல வரவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன் என் ஞாயிறு பள்ளி ஆசிரியரும் கரும்பலகையில் 2222 என்று சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டு, எங்களை ஓசானா பாடச் சொன்னார். நாம் எல்லாருமே இந்தக் கதையை அப்படித்தான் கேட்டோம், அப்படியே சொல்லியும் வருகிறோம். அதைத்தான் இந்த மடலில் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஏரிக்கரை, வாய்க்கால், மடை என்று என் காலத்தின் பெரும்பகுதி மண் வேலையை அளப்பதிலேயே கழிந்தது. சபையில் பன்னிரண்டு ஆண்டுகள் டீக்கனாகவும் இருந்தேன். வேதசாத்திரம் முறையாகப் படித்தவன் இல்லை. ஆகவே இந்தப் போதகரின் வாழ்க்கையை ஒரு ஓவர்சியரின் கண்ணோடு பார்க்கிறேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். அவரும் ஒருவகையில் நம் தொழில்காரர்தான்.

கிளஃப் 1836 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். குடும்பம் பிழைப்புத் தேடி மேற்கே குடிபெயர்ந்தது. பதின்பருவத்திலேயே மின்னசோட்டாப் பகுதியில் அரசு நில அளவைக் குழுவோடு சேர்ந்து, சங்கிலி பிடித்து அளக்கும் வேலையில் தொடங்கி, சில ஆண்டுகளில் அளவைத் தொழிலைக் கைவரப்பெற்றார். வழக்கறிஞராக வேண்டும் என்ற எண்ணத்தோடு கல்லூரிக்குப் போன இடத்தில்தான் விசுவாசத்துக்கு வந்து, பாப்திஸ்து சபையில் சேர்ந்து, ஊழியத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். 1864ஆம் ஆண்டின் இறுதியில் பாஸ்டனில் கப்பலேறியவர், 1865 ஏப்ரலில் நம் சென்னைப் பட்டினத்தில் கரையிறங்கினார். அங்கிருந்து நெல்லூர், அடுத்த ஆண்டு ஓங்கோல். அப்போது ஓங்கோல் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது, இன்று பிரகாசம் மாவட்டத்தின் தலைநகரம். 1867 ஜனவரி முதல் நாள் அங்கே சபை நிறுவப்பட்டபோது உறுப்பினர்கள் எட்டே பேர்.

அந்தத் தெலுங்கு மிஷன் அதற்குமுன் முப்பது ஆண்டுகளாகப் பலன் காணாமல் இருந்தது. மூடிவிடலாமா என்று அமெரிக்க மிஷன் சங்கம் ஒரு முறைக்கு மேல் யோசித்த ஊழியம் அது. அதன் போக்கை மாற்றியவர் என்று நாம் கிளஃபைச் சொல்கிறோம். அவரோ எர்ரகுண்ட்ல பேரய்யாவைச் சொல்லியிருப்பார். தல்லகொண்டபாடு என்ற ஊரைச் சேர்ந்த பேரய்யா, தோல் வேலை செய்யும், தீண்டத்தகாததென்று ஒதுக்கப்பட்ட தெலுங்குச் சமூகமாகிய மாதிகச் சமூகத்தவர், தோல் வணிகர். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் ஞான விசாரத்தில் பல ஆண்டுகள் தோய்ந்தவர். தோல் வாங்கப் போன ஊரில் கேட்ட சுவிசேஷத்தை நம்பி, 1866இல் மனைவி நாகம்மாவோடு ஞானஸ்நானம் பெற்று, ஊர் ஊராக நடந்து தம் மக்களுக்கு அறிவித்தவர். கிளஃப் வந்து சேர்ந்த வேளையில் அறுவடைக்கு நிலத்தைப் பண்படுத்திவைத்திருந்தவர் அவரே. மிஷனரி ஞாயிறில் இந்தப் பெயரையும் உச்சரித்தால் நம் நாக்குக்குக் கேடு ஒன்றும் வந்துவிடாது.

மாதிகர்கள் சேர வரத்தொடங்கியதும் ஓங்கோலில் ஒரு சிக்கல் எழுந்தது. மேல்சாதியார் சிலர் சுவிசேஷத்தைக் கேட்க ஆர்வத்தோடு வந்துகொண்டிருந்தார்கள், அவர்கள் பிள்ளைகள் மிஷன் பள்ளியில் படித்தார்கள். மாதிகர்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்று அவர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் கிளஃப் தம் அறையில் வேதத்தைத் திறந்தபோது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரம் கண்ணில் பட்டது. "ஞானிகள் அநேகரில்லை, வல்லவர்கள் அநேகரில்லை" என்ற பகுதி. வேறோர் அறையில் அவர் மனைவி ஹேரியட்டும் அதே கேள்வியோடு அதே பகுதியைத்தான் திறந்திருந்தார் என்று பின்னாளில் கிளஃப் நினைவுகூர்ந்திருக்கிறார். பள்ளி காலியாயிற்று, மாதிகர்கள் சேர்க்கப்பட்டார்கள்.

சேர்ந்தவர்களுக்கு அவர் வைத்த கட்டளைகள் மூன்று: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே, செத்த மாட்டின் இறைச்சியைத் தின்னாதே, விக்கிரகத்தை வணங்காதே. பார்வைக்கு எளியவையாகத் தோன்றும் இவை ஊர் ஒழுங்கையே அசைத்தன. கிணற்றில் நீர் இறைக்கத் தோல் சால் தைத்துத் தருவது, குடியானவர்களுக்குச் செருப்புத் தைப்பது, செத்த மாட்டை இழுத்துப் போடுவது, திருவிழாவில் பறையடிப்பது எல்லாம் அவர்கள்மீது பரம்பரையாகச் சுமத்தப்பட்ட ஊர் வேலைகள். வாரத்தில் ஒருநாள் வரமாட்டேன், திருவிழாவில் அடிக்கமாட்டேன் என்று ஒரு மாதிகர் சொன்னால், ஊர்ப் பெரியவர்களுக்கு அது மதப் பிரச்சினையாகவா தோன்றும்? கூலி நின்றது, கிணறு மறுக்கப்பட்டது, பொய் வழக்குகள் வந்தன. அந்த வழக்குகளுக்காக அதிகாரிகளின் வாசலில் ஏறி இறங்குவதும் கிளஃபின் ஊழியத்தின் ஒரு பகுதியாக இருந்தது. ஆகவே பஞ்சம் வந்தபோது அவர் திடீரென்று சமூகப் பணிக்குத் திரும்பினார் என்று சொல்வதற்கில்லை. பத்தாண்டுகளாகவே அந்த மக்களின் வயிறும் வழக்கும் அவருடைய மேசைமீது கிடந்தன.

பஞ்சத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876இல் மழை பொய்த்தது, அடுத்த ஆண்டும் பொய்த்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடக் கூடுதலாகச் சொல்பவர்களும் உண்டு. செலவைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு கல்கத்தாவிலிருந்து அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் நாள் முழுவதும் உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் விதித்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்தக் கூலியில் மண் வெட்டுகிறவன் உயிர் பிழைக்க மாட்டான் என்று விடாமல் வாதாடிய பிறகே அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. வெட்டி முடித்த ஒரு கன அடி மண்ணைக் கூடையில் தூக்கிக் கரையேறிப் பார்த்தவர்களுக்கு அந்த வாதத்தின் நியாயம் புள்ளிவிவரம் இல்லாமலேயே புரியும்.

நிவாரண வேலைகளில் பெரியது கடலோரக் கால்வாய். சென்னையில் 1806 முதலே துண்டு துண்டாக இருந்த உப்புநீர்க் கால்வாய்களை வடக்கும் தெற்கும் நீட்டி இணைக்கும் பணி பஞ்ச காலத்தில் முடுக்கிவிடப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நம் நகரத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்த் துண்டும் அதே பஞ்சத்தில், அதே வகையான கைகளால், 1877–78இல் வெட்டப்பட்டதுதான். ஓங்கோலுக்குக் கிழக்கே கடலோரத்தில் வேலை தொடங்கியபோது, மாதிகர்கள் அங்கே போகத் தயங்கினார்கள். போனவர்கள் அடிபட்டுத் திரும்பினார்கள். மேற்பார்வையாளர்கள் எல்லாரும் வேறு சாதியார். அளவில் ஏமாற்று, கூலியில் பிடித்தம், வாய்க்கு வந்த ஏச்சு. பட்டினி கிடந்து சாவதா, அங்கே போய்ச் சாவதா என்பதுதான் அவர்கள் முன் இருந்த தெரிவு.

கிளஃப் அப்போது செய்த காரியம் எந்த இறையியல் கல்லூரியிலும் கற்பிக்கப்படாதது. அதிகாரிகளிடம் போய், மூன்றரை மைல் நீளக் கால்வாயை வெட்டும் ஒப்பந்தத்தைத் தம் பெயரில் எடுத்துக்கொண்டார். முகாம் போட்டார், குடிசைகள் எழுப்பினார். தம்மோடிருந்த உள்ளூர் உபதேசிமார்களை ஓவர்சியர்களாக்கி, ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஒரு கூட்டத்தை ஒப்படைத்தார். மின்னசோட்டாவில் சங்கிலி பிடித்த பழைய அளவைக்காரருக்கு மட்டம் பார்க்கவும், சரிவு கொடுக்கவும், வெட்டிய மண்ணைக் கணக்கிடவும் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் சற்று நின்று பார்க்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இது என் தொழில் சம்பந்தப்பட்ட இடம். மண் வேலையில் ஏழையை ஏமாற்றுவது மிகவும் சுலபம். குழி வெட்டும்போது அங்கங்கே ஒரு மண் திட்டை வெட்டாமல் விட்டுவைப்போம். தரை முதலில் எந்த உயரத்தில் இருந்தது, எத்தனை அடி ஆழம் வெட்டினார்கள் என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. அதன் தலையை இரவோடு இரவாக அரையடி செதுக்கிவிட்டால், நூறு பேரின் ஒருநாள் உழைப்பில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். வெட்டியவன் கூலி வாங்கும் இடத்தில் "அளவு இவ்வளவுதான்" என்று ஓவர்சியர் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் பேச வாய் கிடையாது. அளவுப் புத்தகம் அவன் கையில் இல்லை, இருந்தாலும் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. என் பணிக்காலத்தில் இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு வேலையில், அளவு கோலைப் பிடிக்கிறவனும் அளக்கப்படுகிறவனும் ஒரே சமூகத்தவராக, ஒரே பந்தியில் அமர்ந்து அப்பம் பிட்கிறவர்களாக இருக்கும்படி ஏற்பாடு செய்ததுதான் அந்த மூன்றரை மைலின் சிறப்பு என்று நான் நினைக்கிறேன். கால்வாய் எப்படியும் வெட்டப்பட்டிருக்கும். அதன் அந்தத் துண்டில் மட்டும் ஒரு மாதிகர் தலைநிமிர்ந்து கூலி வாங்கினார்.

செய்தி பரவப் பரவ, தொலைவிலிருந்தெல்லாம் மக்கள் வந்தார்கள். வருகிற வழியிலேயே பலர் விழுந்து மடிந்தார்கள். மாதிகர்கள் மட்டுமன்றி மற்றச் சாதியாரும் வேலை கேட்டு வந்தார்கள். உச்சி வெயிலில் கூடையை இறக்கிவைத்து இளைப்பாறும் நேரத்தில், ஓவர்சியராக நின்ற உபதேசியார் அவர்கள் நடுவே உட்கார்ந்து இயேசுவைப் பற்றிச் சொல்வார். கேட்டவர்கள் தம் ஊருக்குத் திரும்பும்போது அதையும் கொண்டுபோனார்கள்.

ஞானஸ்நானம் கேட்டவர்கள் நிறையப் பேர். ஒருவருக்கும் கொடுக்கப்படவில்லை. 1877 மார்ச்சு முதல் 1878 ஜூன் வரை, பதினைந்து மாதங்கள், கிளஃப் அந்தக் கதவை அடைத்துவைத்தார். தம் கையில் அரிசியும் கூலியும் இருக்கும் காலத்தில் தம்மிடம் வருகிறவன் எதற்காக வருகிறான் என்பது வருகிறவனுக்கே தெளிவாகத் தெரியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நம் சபை மரபுக்கு இது எவ்வளவு நெருக்கமானது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டோம், தானே அறிந்து, தானே நம்பி, தானே அறிக்கையிடுகிறவனுக்கே முழுக்கு என்பதற்காக நம் முன்னோர்கள் சிறை சென்றிருக்கிறார்கள். பசியில் இருக்கிறவனின் அறிக்கையும் அவனுடைய சொந்த அறிக்கையாக இருக்க வேண்டுமானால், முதலில் அவன் பசி தீர வேண்டும், பிறகு உதவி நிற்க வேண்டும், அதற்கும் பிறகு அவன் வாய் திறக்க வேண்டும். அந்த வரிசையை ஒரு போதகர் பதினைந்து மாதம் கட்டிக்காத்தார். மிஷன் சங்கத்துக்கு அனுப்பும் அறிக்கையில் அந்த மாதங்களுக்கு எதிரே எழுத எண் இல்லாமல் இருந்ததைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1878 ஜூனில் நிவாரணப் பணம் ஏறத்தாழத் தீர்ந்திருந்தது. ஓங்கோலுக்கு வடக்கே ஏறக்குறைய பத்து மைல் தொலைவில், குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் உள்ள வெல்லம்பள்ளியில் விசுவாசிகளைக் கூட்டினார் கிளஃப். விசுவாசிகள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லியனுப்பியும், ஆயிரக்கணக்கில் மற்றவர்களும் வந்து நின்றார்கள். இனிக் கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை, திரும்பிப் போங்கள் என்றார். அவர்கள் சொன்ன மறுமொழியை அவர் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். எங்களுக்கு உதவி வேண்டாம், நாங்கள் உழைத்தோம் என்பதற்கு எங்கள் கைக் கொப்புளங்களே அடையாளம், இனியும் உழைப்போம், அடுத்த விளைச்சலும் பொய்த்தால் சாவோம், சாவதைக் கிறிஸ்தவர்களாகச் சாக விரும்புகிறோம் என்பதே அதன் சாரம். அதற்குமேல் மறுக்க அவரால் முடியவில்லை. உபதேசிமார் தத்தம் வட்டாரத்து மக்களைத் தனித்தனியே உட்காரவைத்து, தெரிந்தவர் யார், புதியவர் யார் என்று விசாரித்துப் பெயர் எழுதினார்கள். ஜூலை 2 அன்று 614 பேர், ஜூலை 3 அன்று 2,222 பேர், ஜூலை 4 அன்று 700 பேர், ஆக மூன்று நாளில் 3,536 பேர் முழுக்குப் பெற்றார்கள். பஞ்சாங்கப்படி அந்த ஆண்டுக்கு வெகுதானிய என்று பெயர். தானியமே இல்லாமல் இரண்டு ஆண்டுகள் கிடந்தவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி ஒலித்திருக்குமோ!

இன்னொரு விவரம், இதையும் நாம் சொல்வதில்லை. அந்த 2,222 பேரில் ஒருவருக்கும் கிளஃப் தம் கையால் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. குருப்பட்டம் பெற்ற தெலுங்கு உபதேசிமார் ஆறு பேர், இரண்டிரண்டு பேராக முறை மாற்றிக்கொண்டு, காலையிலும் மாலையிலும் தண்ணீரில் நின்றார்கள். கால்வாய்க் கரையில் ஓவர்சியர்களாக நின்ற கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அவர்கள். நம் ஞாயிறு பள்ளிப் படத்தில் மட்டும் வெள்ளைக்காரர் ஒருவர் ஆற்றில் நிற்பார்.

கிளஃபைக் குறையற்ற பரிசுத்தவானாக்க நான் முயலவில்லை. மனிதனை ஒரு பவுண்டு தானியத்தில் நிறுத்திய அதே அரசிடம்தான் அவர் ஒப்பந்தம் எடுத்தார். அந்த வரம்புக்குள் நின்றுதான் அவர் நியாயம் செய்தார். வெகுவாக ஒரே நேரத்தில் சேர்த்தவர்களுக்குப் போதித்து வளர்க்க ஆள் போதவில்லை, விழுந்து போனவர்களும் இருந்தார்கள். பஞ்சத்துக்குப் பின் வந்த கூட்டத்தை "அரிசிக் கிறிஸ்தவர்கள்" என்று ஐயுற்றவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள், சக மிஷனரிகள் நடுவிலும் இருந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டு இன்றும் நம்மீது வீசப்படுகிறது. அதற்குக் கிளஃபிடம் இருந்த பதில் அந்தப் பதினைந்து மாதம். நம்மிடம் என்ன பதில் இருக்கிறது என்று கேட்டால் நான் என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் சபையார் கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். அரிசி, பாய், போர்வை, பால் பவுடர். மூன்று நாள் இரவு பகலாகப் பொட்டலம் கட்டினோம். கால்வாயை ஒட்டிய குடிசைப் பகுதிகளில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து கொடுத்தோம். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. பொட்டலம் வாங்குகிறவர்களின் பெயரையும் கைபேசி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதும் யோசனை என்னுடையது. இரண்டு பேர் ஒரே வீட்டுக்கு வாங்கக்கூடாது என்பதற்காக என்று சொல்லிக்கொண்டேன். ஜனவரியில் அந்த நோட்டைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்து ஆராதனைக்கு வரும்படி சொன்னோம். மார்ச்சில் ஆண்டறிக்கை எழுதும்போது அந்த 412 பெயர்களையும் "புதிய தொடர்புகள்" என்ற தலைப்பின்கீழ் நானே சேர்த்தேன். பாராட்டும் பெற்றேன். ஒரு வயதான அம்மா மட்டும் தொலைபேசியில், "தம்பி, அரிசிக்குக் காசு கேக்கிறீங்களா?" என்றார். இல்லை அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தக் கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்குப் புரிய அநேக ஆண்டுகள் ஆயின.

கிளஃபின் பிற்கால வாழ்க்கையை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஓங்கோல் சபை பல்லாயிரக்கணக்கான உறுப்பினர்களோடு உலகத்திலேயே பெரிய பாப்திஸ்து சபை என்று பேசப்பட்டது. பள்ளிகளும் பெருகின. ஹேரியட் 1893இல் இறந்தார். அடுத்த ஆண்டு கிளஃப் மணந்த எம்மா, ஏற்கெனவே இந்தியாவில் ஊழியம் செய்துகொண்டிருந்தவர், நியூயார்க் நகரத்தின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பதினோரு ஆண்டுகள் பாப்திஸ்துப் போதகராக இருந்த வால்டர் ராஷன்புஷ்ஷின் உடன்பிறந்த சகோதரி. ஏழைகளின் சமூக நிலையை மாற்றுவதும் நற்செய்தியின் பங்கே என்னும் "சமூக நற்செய்தி" என்ற சொல்லைக் கேட்டாலே முதலில் நினைவுக்கு வரும் அந்த வால்டர்தான். கிளஃப் 1910 நவம்பரில் காலமானார். அவருடைய நினைவுகளை எம்மா எழுத்தாக்கி 1914இல் வெளியிட்டார். தலைப்பிலேயே "சமூகக் கிறிஸ்தவம்" என்ற சொற்கள் இடம்பெற்ற அந்த நூலில், கால்வாய்க்கும் மாதிகரின் ஊர் வாழ்க்கைக்கும் எவ்வளவு பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தம் வாழ்க்கையில் எது முக்கியம் என்று அவரே நினைத்தாரோ, அதை விட்டுவிட்டு மீதியை நாம் பிரசங்கிக்கிறோம்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த மிஷனரி ஞாயிறில் 2,222ஐச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே மூன்றரை மைலையும் பதினைந்து மாதத்தையும் சொல்லுங்கள். பேரய்யா, நாகம்மா பெயர்களைச் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளிப் பாடத்தில் கால்வாயைப் படமாக வரையச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு ஆற்றைவிட அது பிடிக்கும், மண்வெட்டியும் கூடையும் வரையலாம். சபைகளிலிருந்து ஆண்டுதோறும் நீங்கள் வாங்கும் படிவத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்க ஆராதனை, காணிக்கை ஆகியவற்றுக்குப் பத்தி இருக்கிறது. அயலாருக்காகச் செய்த வேலைக்கு ஒரு பத்தி சேருங்கள், அதில் பெயர்ப்பட்டியல் கேட்காதீர்கள். வெள்ளமோ புயலோ வந்து நிவாரணம் கொடுக்கிற மாதங்களிலும், அதற்குப் பின் ஒரு குறிப்பிட்ட காலம் வரையிலும், உதவி பெற்ற குடும்பங்களிலிருந்து யாரையும் ஞானஸ்நானத்துக்கு எடுப்பதில்லை என்று ஒரு தீர்மானம் எழுதி வைக்க முடியுமானால், அது நம் மரபுக்குப் புதியது என்று யாரும் சொல்ல இயலாது. எவ்வளவு காலம் என்பதை நீங்கள் ஜெபித்து முடிவு செய்யுங்கள். பதினைந்து மாதம் என்று ஒரு முன்மாதிரி இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

நான் என் பங்குக்கு ஒரு காரியம் தொடங்கியிருக்கிறேன். மூன்றரை மைல் என்பது ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறி கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் இறங்கினால் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான், பாதை நெடுகக் கீழே அந்தக் கால்வாயே கறுப்பாக, தூண்களுக்கு நடுவே, ஓடுவதும் ஓடாததுமாகக் கிடக்கிறது. வருகிற ஜூலை முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளில் பெரியவர்களை அந்தத் தூரத்தை நடத்திக் கூட்டிப்போகப்போகிறேன். நாற்றம் இருக்கும், முன்கூட்டியே பெற்றோரிடம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கூடையில் ஐந்து கிலோ மணலை நூறு அடி தூரம் சுமந்து கொட்டிவிட்டு வர வேண்டும், எத்தனை கூடை என்று இன்னொரு பிள்ளை நோட்டில் எழுத வேண்டும். வேறு சபைகளின் பிள்ளைகளும் வரலாம். கூடை நான் கொண்டுவருகிறேன், தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும்.

ஊழியத்தில் உங்களோடு இணைந்திருக்கும்,
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவர்,
மயிலாப்பூர், சென்னை